படத்தில் இல்லாத பட்டணம்

பழைய சென்னையின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது இன்று ஒரு பழக்கமாகிவிட்டது. நாட்காட்டியிலே அந்தப் படம். உணவு விடுதியின் சுவரிலே அந்தப் படம். கைப்பேசியைத் திறந்தால் அங்கேயும் அந்தப் படம். மவுண்ட் ரோட்டிலே இரண்டு குதிரை வண்டிகள், கடற்கரையிலே நான்கு படகுகள், வெண்ணிறத் தூண்கள் தாங்கி நிற்கும் மாளிகை! பார்த்தவுடன், "ஆகா, எவ்வளவு அமைதி! எவ்வளவு அழகு! அந்தக் காலம் அந்தக் காலந்தான்!" என்று சொல்லிவிடுகிறார்கள். வேடசந்தூரிலே புகையிலைக் கொல்லையில் பாடுபடுபவரின் மகனும் அப்படித்தான் சொல்கிறான். திண்டுக்கல்லிலே பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவரின் மகனும் அப்படித்தான் சொல்கிறான். தங்கள் பாட்டன் அந்தப் படத்திலே எந்த இடத்தில் நின்றிருப்பான் என்று மட்டும் இருவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும், தோழர்களே! கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. 1792 ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை திப்புவின் கையிலிருந்து கும்பினியின் கைக்கு மாறிற்று. அன்று தொட்டு நம் கொல்லைக்கும் குளத்துக்கும் விதித்த வரி, செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலே உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கில்தான் ஏறிற்று. 1875 ஆம் ஆண்டு திண்டுக்கல் வழியே இரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு நம் சரக்கும் அந்தத் திக்கிலே போயிற்று. நம் மக்களும் போனார்கள். ஆகவே அந்தத் தலைநகரம் யாரோ சிலருடைய பாட்டன் சொத்தன்று. அதன் ஒவ்வொரு செங்கல்லிலும் நம் சீமையின் வியர்வையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய படம் ஒன்றைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். இதை எழுதியவன், அல்லது எடுத்தவன் யார்? அதற்குச் செலவிட்டவன் யார்? இதிலே இடம் பெறாமற் போனவன் யார்? ஏட்டிலே எழுதியிருப்பதை எல்லாம் வேதவாக்கென்று ஏற்காதே என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஏட்டுக்கு மட்டுமா அந்தப் பாடம்? படத்துக்கும் உண்டு. ஏட்டையாவது மனிதன் எழுதினான் என்று நினைவிருக்கும்; படத்தையோ கருவி எடுத்தது, கருவி பொய் சொல்லாது என்று நம்பிவிடுகிறோம். கருவி பொய் சொல்லாதிருக்கலாம். ஆனால், கருவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்தவன் மனிதன்!

நிலப்படத்திலிருந்து தொடங்குவோம். 1698 முதல் 1709 வரை சென்னைக் கவர்னராக இருந்தவர் தாமஸ் பிட். அவருடைய பெயரால் வழங்கும் நிலப்படம் ஒன்று உண்டு. 1710 ஐ ஒட்டி உருவானது. கடலோரத்திலே கோட்டை. அதைச் சுற்றி மதில். மதிலுக்குள்ளே வெள்ளையர் பட்டணம். மதிலுக்கு வடக்கே, நெருங்கிய தெருக்களும் சந்தைகளும் கோயிலுமாக, கறுப்பர் பட்டணம். இந்தப் பெயர்கள் நம்மவர் சூட்டியவை அல்ல. நிலப்படத்திலே ஆங்கிலேயர் வெட்கமின்றி எழுதிக்கொண்ட பெயர்கள். 1639 இல் கடற்கரை மணலிலே இடம் கேட்டு வந்து நின்றவர்கள், எழுபது ஆண்டுகளுக்குள் நிறத்தைக் கொண்டு ஊரை இரண்டாகப் பிளந்து, அந்தப் பிளவைத் தாளிலே தீட்டி, அதற்கு மதிலும் எழுப்பிவிட்டார்கள்.

"வெள்ளையனின் ஆணவத்தைப் பாருங்கள்!" என்று சீறுவது எளிது. சீறத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் பார்த்தவர்களாவோம். மதிலுக்கு இந்தப் பக்கம், கறுப்பர் பட்டணத்துக்குள்ளே கோடு கிழித்தது யார்?

வலங்கை, இடங்கை என்ற பிளவு அந்தச் சின்னஞ்சிறு பட்டணத்தை ஆட்டி வைத்தது. 1652 ஐ ஒட்டியும் 1707 இலும் மூண்ட சச்சரவுகள் கும்பினியின் குறிப்பேடுகளிலே இடம் பெறும் அளவுக்குப் பெரியவை. சச்சரவு எதற்காக? உணவுக்கா? உரிமைக்கா? கும்பினி விதித்த வரியை எதிர்த்தா? இல்லை. எந்தத் தெருவிலே எந்தச் சாதியின் திருமண ஊர்வலம் போகலாம், எந்தத் தெருவிலே போகக்கூடாது என்பதற்காக! 1707 இல் வலங்கையினர் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்கே வெளியேறினர். தொழில் முடங்கிற்று, கும்பினி கலங்கிற்று. தாமஸ் பிட் துரை நடுவராக வந்தார். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு என்று தெருக்கள் பங்கு போடப்பட்டன. அளவுகோல் அன்னியன் கையிலே இருந்தது. "இங்கே அள, இங்கே கோடு போடு" என்று விரலை நீட்டிக் காட்டியது நம் சாதி வெறி!

இன்னொன்றும் காண்க. வலங்கைப் பிரிவில் பறையர்களும் சேர்ந்திருந்தனர். அடிதடி என்று வந்தபோது முன்னே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். தெருக்கள் பங்கு போடப்பட்டபோது அந்த வலங்கைத் தெருவிலே, பக்கத்து வீட்டுக்காரராக அவர்களுக்கு இடம் கிடைத்ததா? கிடைக்கவில்லை. சேரி அப்பாலேதான் இருந்தது. கும்பினியின் நிலப்படத்தில் வெள்ளையர் பட்டணம் ஒரு மூலையில் பளபளக்கிறது. கறுப்பர் பட்டணம் அதற்கு வெளியே நிற்கிறது. சேரி அதற்கும் வெளியே நிற்கிறது. இரண்டு மதில்கள் இருந்தன, தோழர்களே! ஒன்று செங்கல்லால் ஆனது. மற்றது சாத்திரத்தால் ஆனது. செங்கல் மதிலை இடிப்பதற்குப் பீரங்கி போதுமாயிருந்தது.

அந்தப் பீரங்கியும் வந்தது. 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர்; 1749 இல் ஆங்கிலேயரிடம் அது திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில், கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்துத் தள்ளினர். திரும்பி வந்த ஆங்கிலேயர் அதைக் கட்டிக்கொடுத்தார்களா? மிச்சத்தையும் இடித்தார்கள்! பகைவன் மறைந்து வர வீடுகள் இடம் கொடுக்கும். கோட்டைப் பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும். ஒரு நூற்றாண்டாக மக்கள் வாழ்ந்த ஊர், குண்டு தடையின்றிப் பறப்பதற்காகத் தரைமட்டமாயிற்று. அங்கேயிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது. கோயிலுக்கு மாற்றிடம் கொடுத்தார்கள். பூக்கடைப் பகுதியிலே இன்றும் அது நிற்கிறது. வீட்டை இழந்தவர்களின் பெயரை எந்த நிலப்படமும் தாங்கி நிற்கவில்லை.

வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773 இல் கல்தூண்களை நட்டார்கள். "இந்தத் தூணைத் தாண்டி வீடு கட்டாதே" என்பது அவற்றின் பொருள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்றும் இருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து செல்கிறார்கள்; அது என்னவென்று அறிந்தவர் அருமை. இடிக்கப்பட்ட ஊரின் மேல்தான் 1892 இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம் எழுந்து நிற்கிறது. 1710 ஆம் ஆண்டு நிலப்படத்தையும் இன்றைய நிலப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நீதிமன்றத்தின் அடியிலே ஒரு நீதி கிடைக்காத ஊர் புதைந்திருப்பது தெரியும்.

புதிய கறுப்பர் பட்டணம் வடக்கே வளர்ந்தது. ஐதர் அலியின் படை சென்னையின் வாயிலுக்கே வந்து மிரட்டிய பின்னர், 1769 இல் தொடங்கி அதைச் சுற்றி மதில் கட்டினார்கள். மதில் கட்டிய செலவைப் பட்டணத்து மக்களிடமே வரியாகப் பெறலாம் என்று திட்டமிட்டார்கள். திட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது மதிலும் இல்லை, வரியும் இல்லை, பெயர் இருக்கிறது. அந்த மதிலுக்குள்ளே ஏழுகிணறு. அங்கே சுரந்த நன்னீர், 1772 முதல் குழாய் வழியே கோட்டைக்குப் போயிற்று. வாழ்ந்தவர்கள் கிணற்றருகே, தண்ணீர் போனது கோட்டைக்கு. தண்ணீரின் திசையைப் பார்த்தாலே ஆட்சியின் திசை தெரியும்!

சென்னையின் பேட்டைகளின் பெயர்களும் ஒரு நிலப்படமே. சிந்தாதிரிப்பேட்டை என்பது சின்ன தறிப் பேட்டை. 1734 இல் சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டம் இருந்த இடத்திலே, கூவம் வளையும் பகுதியில், நெசவாளர்களைக் குடியேற்றிக் கும்பினி உண்டாக்கிய ஊர். வண்ணாரப்பேட்டை, கும்பினியின் துணியை வெளுத்தவர்களின் ஊர். கப்பலேறி இலண்டனுக்குப் போன துணி யார் நெய்தது, யார் வெளுத்தது என்பதைத் தெருப்பெயரே சொல்லிவிடுகிறது.

திருவொற்றியூரை அடுத்த காலாடிப்பேட்டைக்கு ஒரு தலபுராணக் கதையே உண்டு. கவர்னர் காலெட் துரையின் அலுவலகத்திலே பணிபுரிந்த ஒரு பக்தர் நாள்தோறும் காஞ்சி வரதரைத் தரிசித்துவிட்டே வேலைக்கு வருவாராம். துரைக்குச் சந்தேகம். "இப்போது காஞ்சியிலே என்ன நடக்கிறது, சொல்" என்றாராம். "தேர் நின்றுவிட்டது" என்றாராம் பக்தர். ஆள் அனுப்பி விசாரித்தால் அப்படியே நடந்திருந்ததாம்! வியந்த துரை, பக்தர் அங்கேயே கும்பிடட்டும் என்று கோயிலும் ஊரும் அமைத்துக் கொடுத்தாராம். கேட்பதற்குச் சுவையான கதை. ஆனால் ஜோசப் காலெட் கவர்னராயிருந்த 1717 முதல் 1720 வரையிலான காலத்திலே கும்பினிக்குத் தேவைப்பட்டது வரதரின் தரிசனமன்று; வண்ணத்துணி! நெசவாளரையும் துணிக்கு வண்ணம் தீட்டுவோரையும் கோட்டைக்கு அருகிலே குடியமர்த்த வேண்டியிருந்தது. குடியமர்ந்தவர்களுக்குக் கோயிலும் வேண்டியிருந்தது. காலெட் பேட்டை என்பதே மக்கள் வாயில் காலாடிப்பேட்டை ஆயிற்று. அற்புதத்தைப் புராணம் சொல்லும். ஆதாயத்தைக் கணக்கேடு சொல்லும். வரலாறு படிக்கிறவன் கணக்கேட்டைத் திறக்க வேண்டும்.

அளப்பதிலே ஆங்கிலேயர் வல்லவர் என்பதை ஒப்புக்கொள்வோம். 1794 இல் எட்டு மாணவர்களுடன் சென்னையிலே ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கினார்கள். கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தொடக்கம் அதுதான். 1802 ஏப்ரல் 10 ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி பரங்கிமலை அடிவாரத்திலே அளவுச் சங்கிலியைத் தரையில் விரித்தார். அங்கிருந்து பெரும்பாக்கத்துக் குன்றுப் பக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே நேர்கோடு. அந்த ஒரு கோட்டை அடித்தளமாக வைத்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போய், இந்தத் துணைக்கண்டம் முழுவதையும் இமயம் வரை அளந்து முடித்தார்கள். அறிவுக்கு அது பெருவெற்றி. அதனை நாம் மறுக்கவில்லை. அளந்தது நாட்டை அறிவதற்காக மட்டுமா? ஆள்வதற்காகவும், வரி விதிப்பதற்காகவும், படை நடத்துவதற்காகவும்! அறிவியல் எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு ஊழியம் செய்கிறது. அதனால் அறிவியலை வெறுக்க வேண்டியதில்லை. அதை நம் கைக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பெரும்பாக்கத்தின் பெயரை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை அங்கே போகவேண்டியிருக்கிறது.

நிலப்படத்துக்குப் பிறகு வந்தது புகைப்படம். 1850 இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையிலே கலைப்பள்ளி தொடங்கினார். 1856 இல் புகைப்படக்காரர்களுக்கு ஒரு சங்கமே இங்கே தோன்றிவிட்டது. அதற்கும் முன்னதாக, 1851 ஐ ஒட்டி, பிரெடரிக் பீபிக் என்பவர் சென்னையின் மாளிகைகளையும் தெருக்களையும் படமெடுத்து, அவற்றுக்குக் கையால் வண்ணமும் தீட்டினார். அந்த வரிசையில் பல படங்களைக் கும்பினியே விலைக்கு வாங்கிக்கொண்டது.

அந்தக் காலத்துப் படங்களில் தெருக்கள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். "எவ்வளவு அமைதி!" என்று நாம் பெருமூச்சு விடுவது இந்த இடத்தில்தான். அந்த அமைதியின் இரகசியம் தெரியுமா? அன்றைய படத்தாள், ஒளியைப் பற்றிக்கொள்ள நெடுநேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அசையாமல் நின்றது எதுவோ அது மட்டுமே படத்தில் பதிந்தது. மாளிகை அசையவில்லை, பதிந்தது. தூண் அசையவில்லை, பதிந்தது. கூடை சுமந்து நடந்த பெண், வண்டி இழுத்த ஆள், தண்ணீர் கொண்டு போன சிறுவன், இவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், பதியவில்லை! உழைத்தவன் அசைந்தான், ஆகையால் மறைந்தான். ஓய்ந்திருந்தது நிலைத்தது. ஒரு மெல்லிய புகைபோலச் சில படங்களிலே தரையோரம் தெரியும். அந்தப் புகைதான் நம் பாட்டன்! வெறுமையாய்த் தோன்றும் தெரு வெறுந்தெருவன்று. அந்தக் கருவியால் காண முடியாத மக்கள் நிறைந்த தெரு.

கருவி வளர்ந்தது, ஒரு நொடியிலே படம் பிடிக்கும் ஆற்றல் வந்தது. அப்போதாவது நம் மக்கள் படத்திலே வந்தார்களா? வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்பதுதான் கேள்வி. துரையின் படத்துக்கு அடியிலே துரையின் பெயரும் பதவியும் இருக்கும். நம்மவரின் படத்துக்கு அடியிலே சாதியின் பெயர் மட்டும் இருக்கும்! 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற படநூலை வெளியிட்டார்கள். இன்ன சாதி, இன்ன குலம் என்று வகைப்படுத்தி ஒட்டிய படங்கள். 1885 இல் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக வந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். அளந்து, படமெடுத்து, 1909 இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்டார். மனு எழுதியதை ஓலையிலே வைத்திருந்தார்கள் இங்கேயிருந்த மேல்சாதியார். அதற்குப் படமும் அளவும் சேர்த்து அச்சேற்றிக் கொடுத்தார்கள் அங்கேயிருந்து வந்தவர்கள். பிறப்பினால் மனிதனுக்கு வகை உண்டு என்பதிலே இருவரும் ஒரே கட்சி!

இனிச் சொல்லப்போவது நெஞ்சைப் பிளக்கும் செய்தி. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடும்பஞ்சம் சூறையாடிற்று. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லி நடுங்கிய பஞ்சம் அது. மதுரை, சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களும் அதில் அழிந்தன. நம் திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. பசியாலும் பசியைத் தொடர்ந்த நோயாலும் மாண்டோர் தொகை, குறைந்த மதிப்பீட்டின்படியே 55 இலட்சம். ஊர் ஊராக மக்கள் தலைநகரை நோக்கி நடந்தார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1877 சனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று தில்லியிலே தர்பார் கூட்டிப் பறைசாற்றினார்கள்!

நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட வந்தார் ரிச்சர்டு டெம்பிள். நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஏறக்குறைய 450 கிராம், அதோடு ஒரு சிறு காசு. இதை வைத்துக்கொண்டு மண் வெட்ட வேண்டும்! இது உயிர் வாழப் போதாது என்று சென்னை அரசின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். வெள்ளையரிலும் நேர்மையாளர் இருந்தனர் என்பதை மறைப்பது நமக்கு அழகன்று.

அந்த நாட்களில் வில்லோபி ஹூப்பர் என்ற படை அதிகாரி, பஞ்சத்திலே வாடிய மக்களைச் சென்னையிலே படமெடுத்தார். தோலும் எலும்புமாய், வரிசையாய் உட்கார வைக்கப்பட்ட குடும்பங்கள். தாயின் மடியிலே தலை நிமிராத குழந்தை. நோக்குங்கள்: யாரும் தாமாக அந்த வரிசையில் அமரவில்லை. படத்துக்கு அழகாக அமைய வேண்டுமென்று அமர்த்தப்பட்டார்கள். சாகப்போகிறவர்களை அடுக்கி வைத்துப் படமெடுத்தவர் அவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு கொடுக்கவில்லை என்ற கண்டனம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. அதே ஹூப்பர்தான் 1886 இல் பர்மாவில், சுட்டுக் கொல்லப்படுகிறவர்களின் மேல் குண்டு பாயும் நொடியைப் படமெடுக்க முயன்று விசாரணைக்கு ஆளானவர்.

ஆனாலும், தோழர்களே, அந்தப் படங்களை எரித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்தவன் எந்த எண்ணத்தோடு எடுத்தாலும், படம் இன்று அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. "எங்கள் ஆட்சியிலே நாடு செழித்தது" என்று எழுதி வைத்த நூறு ஏடுகளை அந்த ஒரு குழந்தையின் விலா எலும்புகள் பொய்யாக்கிவிடுகின்றன. படம் எடுத்தவனுக்கு ஊழியம் செய்யும். பார்க்கத் தெரிந்தவனுக்கு உண்மையைச் சொல்லும்.

அந்தப் பஞ்சகாலத்து உழைப்பு வெறும் படமாக மட்டும் நிற்கவில்லை. நகரின் நடுவிலே இன்னும் கிடக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய ஐந்து மைல் கால்வாய் 1877, 78 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்சத்துக்கு அஞ்சி ஓடிவந்த பட்டினி மக்கள். கால்வாய்க்குப் பெயர்? கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்! மண் சுமந்தவளின் பெயரை அந்தக் கால்வாயின் நீளம் முழுவதும் தேடினாலும் காண மாட்டீர்கள். ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் ஓடின. பிறகு படகு நின்றது, சாக்கடை நிறைந்தது. 1990களில் பறக்கும் இரயிலுக்காக அந்தக் கால்வாயின் நடுவிலேயே அரசு தூண்களை நட்டது.

இங்கேதான் பழைய நிலப்படம் இன்றைய வழக்குக்குச் சாட்சியாக வருகிறது. நூறாண்டுக்கு முந்திய சென்னை நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடக்கும் நீண்ட ஏரி தெரியும். அந்த ஏரி எங்கே? 1920 இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து ஒரு புதிய குடியிருப்பு உண்டாக்கப்பட்டது. அதுதான் தியாகராய நகர். நீதிக்கட்சி ஆட்சியிலே எழுந்த நகர். நம் பெரியவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. பனகல் அரசரின் பெயரால் பூங்கா பெற்றது. நெருக்கடியிலே வாடிய நகரத்துக்கு அன்று வீடு தேவைப்பட்டது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம்மவர் செய்தது என்பதற்காக ஏரி தூர்ந்ததை மறைத்துப் பேசினால், புராணிகனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்திலே 1976 இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரிக்கரையைக் குறிக்கும் தெருப்பெயர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன; ஏரிதான் இல்லை.

தண்ணீருக்கோ கட்சி இல்லை, சாதி இல்லை, மறதியும் இல்லை. 2015 டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தில் அது பழைய நிலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்ததுபோலத் தன் இடத்தைத் தேடி வந்தது. மேற்கு மாம்பலமும் கோடம்பாக்கமும் மிதந்தன. தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஓர் அரை நூற்றாண்டிலே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டிருந்தது. குப்பை மேடும் கண்ணாடிக் கட்டடமும் அதன் வயிற்றிலே ஏறி உட்கார்ந்திருந்தன.

வெள்ளம் வடிந்ததும் ஒரு குரல் எழுந்தது. "ஆற்றங்கரையிலே குடிசை போட்டவர்களால்தான் இந்தக் கேடு! ஆக்கிரமிப்பாளரை அகற்று!" கூவத்தின் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெயர்த்தெடுக்கப்பட்டன. எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்திலே! ஆம், 1802 இல் லாம்டன் தன் நேர்கோட்டை எந்தப் பக்கம் நோக்கி இழுத்தாரோ அதே பெரும்பாக்கம். சதுப்பு நிலத்தின் அருகே, அடுக்கு மாடிகளிலே, வேலை செய்யும் இடத்திலிருந்தும் பிள்ளைகளின் பள்ளியிலிருந்தும் பல கல் தொலைவிலே.

ஏரியைத் தூர்த்துக் கட்டிய மாளிகைக்குப் பட்டா இருக்கிறது. ஆகவே அது நகர வளர்ச்சி. கால்வாயின் நடுவே நட்ட தூணுக்கு அரசாணை இருக்கிறது. ஆகவே அது நகர முன்னேற்றம். கரையோரத்திலே ஓலை சாத்தியவனுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே அவன் ஆக்கிரமிப்பாளன்! பழைய நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்போம்: தண்ணீரின் இடத்தை முதலில் எடுத்துக்கொண்டவன் யார்? அந்த நகரத்தின் சாலையைப் போட்டவனும், சாக்கடையை அள்ளுபவனும், மூட்டை சுமப்பவனும் எந்தப் படத்திலாவது தனக்கென்று ஓரிடம் பெற்றானா? கறுப்பர் பட்டணத்தை இடித்துக் கல்தூண் நட்டவர்கள் போய்விட்டார்கள். தூணைத் தாண்டாதே என்ற குரல் மட்டும் இன்னும் போகவில்லை.

மாற்ற முடியாதா என்றால், முடியும். மவுண்ட் ரோட்டின் பழைய படங்கள் சிலவற்றிலே ஒரு சிலை நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். 1857 கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய நீல் என்ற தளபதியின் சிலை. 1927 இல் அதை அகற்றக் கோரி இளைஞர்கள் போராடினார்கள், சிறை சென்றார்கள். 1937 இல் சிலை இறங்கிற்று, அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. பழைய படத்தில் இருப்பது புதிய படத்தில் இல்லை. காரணம் காலமன்று, மக்கள்!

ஆகவே, இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழும்பூரிலே ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே போக வாய்ப்புள்ளவர்கள் போங்கள். போக இயலாதவர்களுக்கு அவரவர் ஊரிலேயே வேலை இருக்கிறது. கிராம நிருவாக அலுவலரிடம் ஊரின் புலப்படம் இருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள். ஊர் நத்தம் எங்கே, சேரி நத்தம் எங்கே, இரண்டுக்கும் நடுவிலே எத்தனை சங்கிலித் தொலைவு என்று அளந்து பாருங்கள். குளத்துக்குப் போகும் பாதை எந்தத் தெரு வழியே போகிறது, எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். வாய்க்கால் என்று படத்திலே இருப்பது தரையிலே யாருடைய வேலிக்குள் இருக்கிறது என்று தேடுங்கள். சுடுகாடு எத்தனை என்று எண்ணுங்கள். தாமஸ் பிட்டின் பட்டணத்துக்கும் நம் குடகனாற்றங்கரைக் கிராமத்துக்கும் முந்நூறு ஆண்டும் முந்நூறு மைலும் இடைவெளி இருக்கலாம். கோடு ஒன்றுதான் என்பது விளங்கும்.

பிறகு உங்கள் படத்தை நீங்கள் எடுங்கள். இன்று கருவி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மாளிகைக்கு முன்னே நின்று உங்கள் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். புகையிலைக் கொல்லையிலே குனிந்து நிற்கும் தாயை எடுங்கள். தோல் பதனிடும் தொட்டியிலே இறங்கி நிற்கும் தொழிலாளியை எடுங்கள். நூற்பாலையிலிருந்து இரவு வேலை முடித்துத் திரும்பும் பெண்களை எடுங்கள். அவர்களுடைய சம்மதத்தோடு எடுங்கள். எடுத்தபின் அடியிலே சாதியை எழுதாதீர்கள்; பெயரை எழுதுங்கள். ஊரையும் நாளையும் எழுதுங்கள். நூறாண்டு கழித்து ஒருவன் அந்தப் படத்தைப் பார்க்கும்போது பெருமூச்சு விட வேண்டாம். "இவர்கள் இருந்தார்கள், இவர்கள்தான் இந்த ஊரைக் கட்டினார்கள்" என்று தெரிந்துகொள்ளட்டும்.